மூன்றாவது ஊசி வேண்டாம்: டென்னிஸ் எல்போவும் ஒரு தையல் கையும்

கரூர் பக்கம் ஒரு சிறு நகரத்தில் இருபது வருடமாகத் தையற்கடை நடத்திவரும் 44 வயதுச் சகோதரி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

போன ஆவணியில், முகூர்த்த ஆர்டர்கள் குவிந்திருந்த நேரத்தில், வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி தொடங்கியது. முதலில் கத்தரி பிடிக்கும்போது மட்டும். பிறகு இஸ்திரிப் பெட்டி தூக்க, ஈரத்துணி பிழிய, பால் பாத்திரத்தை இறக்க என்று எதற்கும் கை ஒத்துழைக்கவில்லை. கட்டுப் போடுபவரிடம் ஒரு வாரம் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்ததில் வலி கூடியது. எலும்பு மருத்துவர் ‘டென்னிஸ் எல்போ’ என்று சொல்லி ஸ்டீராய்டு ஊசி போட்டார். நான்கே நாளில் வலி போன இடம் தெரியவில்லை. தீபாவளி ஆர்டர் முழுவதையும் முடித்துக் கொடுத்தார். கார்த்திகையில் வலி திரும்பிவிட்டது. இரண்டாவது ஊசி மூன்று வாரம்தான் தாங்கியது. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த ஊசி போட்ட வாரம் சர்க்கரை 290 வரை ஏறியது. கல்யாண வீட்டு இனிப்புதான் காரணம் என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது மூன்றாவது ஊசி போடலாம் என்கிறார் ஒரு மருத்துவர். இன்னொரு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு, ‘தசைநாணில் (தசையை எலும்போடு இணைக்கும் நாரில்) பாதிக் கிழிசல் இருக்கிறது, மூன்று தவணையாக பி.ஆர்.பி. ஊசி (சொந்த ரத்தத்திலிருந்தே எடுப்பது) போடலாம், சரிவராவிட்டால் ஆபரேஷன்’ என்றிருக்கிறார்கள். அந்தச் செலவுக்குச் சங்கிலியை அடகு வைக்க யோசிக்கிறார். மகள் கைபேசியில் பார்த்துச் சொன்ன பயிற்சியை இரண்டு நாள் செய்தார். வலித்தது, கிழிசல் பெரிதாகிவிடும் என்று பயந்து விட்டுவிட்டார். கணவர் கடையையே மூடச் சொல்கிறார். ‘டெண்டுல்கருக்கே ஆபரேஷன்தானே செய்தார்கள், எனக்கு மட்டும் சும்மா சரியாகிவிடுமா? இது எலும்புத் தேய்மானமா? கால்சியம் மாத்திரை போட்டுக்கொள்கிறேன். ராத்திரி சில நேரம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகிறது. தையலை விட்டுவிட வேண்டியதுதானா?’ என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கடையை மூட வேண்டாம். சங்கிலியை அடகு வைக்க வேண்டாம். மூன்றாவது ஊசியும் வேண்டாம். நீங்கள் இரண்டே நாளில் கைவிட்டீர்களே, அந்தப் பயிற்சிதான் உங்களுக்கு இன்னும் முறையாகக் கொடுக்கப்படாத சிகிச்சை. அதற்கு மூன்று மாதமாவது ஆகும். நடுவில் வலிக்கவும் செய்யும். ஏன் அதையே சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன். அதற்கு முன் வேறொன்றைப் பேசியாக வேண்டும்.

விரல் மரத்துப்போவதை மருத்துவரிடம் சொன்னீர்களா?

கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோய்விட்டீர்கள். டென்னிஸ் எல்போவில் முழங்கையின் வெளிமுண்டில் (வெளிப்பக்கம் துருத்தியிருக்கும் எலும்பில்) தொடங்கும் வலி முன்கையில் இறங்கலாம், பிடி தளரலாம். ஆனால் விரல் மரத்துப்போகாது. மரத்தால் அங்கே நரம்பு ஒன்று சம்பந்தப்பட்டிருக்கிறது என்று பொருள்.

உங்கள் விஷயத்தில் எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, மணிக்கட்டின் உள்பக்கம் செல்லும் நரம்பு நெருக்கப்படுவது. சர்க்கரை உள்ளவர்களுக்கும், நாள் முழுக்க எதையாவது இறுக்கிப் பிடித்து வேலை செய்பவர்களுக்கும் இது அடிக்கடி வரும். ராத்திரியில் மரத்துப்போய், எழுந்து கையை உதறினால் சரியாகிறதா என்று கவனியுங்கள். மற்றொன்று கழுத்து. மெஷின் மேல் குனிந்தே இருபது வருடம் போயிருக்கிறது. கழுத்தெலும்புகளுக்கு நடுவிலிருந்து வெளிவரும் ஆறாவது நரம்பு அழுத்தப்பட்டாலும் இதே இரண்டு விரல்கள்தான் மரக்கும்; வலியும் முழங்கையின் வெளிப்பக்கமாகவே இறங்கும். கழுத்தைப் பின்னால் சாய்த்து வலப்பக்கம் திருப்பும்போது கையில் மின்னல் மாதிரி வலி ஓடினால் கழுத்தைப் பார்க்க வேண்டும்.

டென்னிஸ் எல்போவும் இவற்றில் ஒன்றும் சேர்ந்தே இருக்கவும் கூடும். முழங்கையை மட்டும் பார்த்து ஊசிக்கு மேல் ஊசி போட்டுப் பலன் நிற்காமல் போகிறவர்களில் சிலருக்குக் காரணம் கழுத்தில் இருக்கும். கழுத்து, முழங்கை, மணிக்கட்டு மூன்றையும் தொட்டு, அழுத்தி, அசைத்துப் பார்க்கச் சில நிமிடம் போதும். அந்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். சந்தேகம் தீராவிட்டால்தான் நரம்பு ஓட்டப் பரிசோதனை.

முழங்கையை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கையை நேராக நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க வையுங்கள். மகளை உங்கள் புறங்கையைக் கீழே அழுத்தச் சொல்லிவிட்டு, நீங்கள் மேலே தூக்கப் பாருங்கள். வெளிமுண்டில் சுரீர் என்று வலித்தால் டென்னிஸ் எல்போவுக்குப் பொருந்துகிறது. உங்கள் மற்ற அறிகுறிகள் எல்லாம் அதற்குப் பொருந்துகின்றன.

எலும்பும் தேயவில்லை, தசைநாணும் அறுந்துவிடவில்லை

மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும் தசைகளின் தசைநாண்கள் அந்த வெளிமுண்டில்தான் ஒட்டியிருக்கின்றன. கத்தரியை அழுத்துவது விரல்களை மடக்கும் தசைகள். ஆனால் மணிக்கட்டு மடங்கிவிடாமல் நிறுத்திப் பிடிக்கும் வேலை இந்த வெளிப்பக்கத் தசைகளுக்கு. எதை இறுக்கிப் பிடித்தாலும் அவை உழைக்கும். பால் பாத்திரமும் ஈரத்துணியும் ஒரே இடத்தில் வலிப்பதற்குக் காரணம் இதுதான். தினமும் தாங்க முடிந்ததைவிட அதிகமான சுமை, ஓய்வில்லாமல், மாதக்கணக்கில் விழும்போது தசைநாணின் இழைகள் ஒழுங்கு கெட்டுப்போகின்றன. நாள்பட்ட வலியில் அந்த இடத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் அழற்சியின் செல்கள் அநேகமாக இருப்பதில்லை. கலைந்த இழைகளும் புது ரத்தக்குழாய்களும்தான் தெரியும்.

ஆகவே இது எலும்புத் தேய்மானம் அல்ல. கால்சியம் மாத்திரை இந்த வலிக்கு ஒன்றும் செய்யாது. வேறு காரணத்துக்காக மருத்துவர் கொடுத்திருந்தால் மட்டும் தொடருங்கள். அழுத்தித் தேய்ப்பதையும் நிறுத்துங்கள்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘கிழிசல்’ என்றதும் ஜாக்கெட் அக்குளில் துணி கிழிந்ததுதான் உங்கள் கண் முன் வந்திருக்கும். இழுக்க இழுக்கப் பெரிதாகும், ஒட்டுப் போட்டால்தான் ஆச்சு. தசைநாண் அப்படியல்ல, அது உயிருள்ள திசு. அளவாகச் சுமை விழுந்தால் தன் இழைகளைத் தானே புதிதாக அடுக்கிக்கொள்ளும். நாற்பது வயதுக்கு மேல், முழங்கை வலியே இல்லாதவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் சிலருக்கு இதே மாதிரி மாற்றங்கள் தெரியும். படத்தை மட்டும் வைத்து ஆபரேஷன் முடிவு செய்யும் நோய் இல்லை இது. படத்தையும் அறிக்கையையும் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவை உங்களுக்குச் சேர வேண்டியவை. வேறொரு மருத்துவரிடம் காட்டி இரண்டாவது கருத்துக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஊசி ஏன் நிலைக்கவில்லை

உங்களுக்கு நடந்தது விதிவிலக்கு அல்ல. நெதர்லாந்தில் 185 பேரை மூன்று பிரிவாக்கி 2002-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஊசி, ஒரு பிரிவுக்கு பிசியோதெரபி, மூன்றாம் பிரிவுக்கு ஆலோசனை சொல்லிக் காத்திருப்பது. ஆறாவது வாரத்தில் ஊசி போட்டவர்களில் 92 சதவீதம் பேருக்குச் சுகம். பிசியோதெரபிக்கு 47, காத்திருந்தவர்களுக்கு 32. அதோடு நிறுத்தியிருந்தால் ஊசியைத்தான் கொண்டாடியிருப்போம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது கணக்கு தலைகீழ்: ஊசி 69, பிசியோதெரபி 91, காத்திருந்தவர்கள் 83. ஊசி போட்டவர்களைவிட, ஒன்றும் போடாமல் காத்திருந்தவர்கள் நன்றாக இருந்தார்கள். 2013-ல் ஆஸ்திரேலியாவில் 165 பேரிடம் ஸ்டீராய்டு ஊசியையும் மருந்தில்லாத போலி ஊசியையும் ஒப்பிட்டார்கள். வலி திரும்பியது ஸ்டீராய்டு போட்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு, போலி ஊசிக்காரர்களில் 12 சதவீதம் பேருக்கு.

ஊசி போட்ட மருத்துவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. தூக்கம் கெட்டு, ‘அடுத்த வாரம் முகூர்த்தம், எப்படியாவது கை அசைய வேண்டும்’ என்று எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் ‘மூன்று மாதம் பொறுங்கள்’ என்று சொல்வது எளிதல்ல. வலி தாங்கவே முடியாத சிலருக்கு ஒருமுறை ஊசிக்கு இடமும் உண்டு. ஆனால் அது வலியை மறைக்கும், தசைநாணைப் பலப்படுத்தாது. திரும்பத் திரும்பப் போட்டால் தசைநாண் நலியலாம், அந்த இடத்துத் தோல் வெளுத்து உள்ளே குழியலாம். வலி மறைந்த இரண்டு மாதமும் நலிந்த தசைநாணை வைத்து முழு வேகத்தில் தைத்தீர்கள். கார்த்திகையில் வலி திரும்ப அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

அப்புறம் அந்த 290. கல்யாண இனிப்பை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். மூட்டுப் பக்கம் போடும் ஸ்டீராய்டும் ரத்தத்தில் கலந்து, சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றும். இனி எந்த மருத்துவர் எந்த ஊசியை எடுத்தாலும் ‘எனக்குச் சர்க்கரை இருக்கிறது, போன தடவை இவ்வளவு ஏறியது’ என்று முதலில் சொல்லுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் தசைநாண் ஆறுவதும் தாமதமாகும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனையை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

பி.ஆர்.பி., ஷாக்வேவ், ஆபரேஷன்

உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியை வலிக்கும் இடத்தில் செலுத்துவது பி.ஆர்.பி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2021-ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட அலசல், டென்னிஸ் எல்போவில் இதனால் வலியோ கையின் செயல்பாடோ சொல்லும்படி மேம்படுவதாகத் தெரியவில்லை என்றே முடித்தது. கையில் பணம் மிஞ்சுகிறவர் விரும்பிப் போட்டுக்கொண்டால் நான் தடுப்பதில்லை. அடகு வைத்துப் போட்டுக்கொள்ள இது தகுதியானதல்ல. வலிக்கும் இடத்தில் மெஷினால் அதிர்வலை செலுத்தும் ஷாக்வேவ் பற்றியும் பெரிதாக நம்பிக்கை தர முடியாது. மெஷின் வைத்துச் சூடு கொடுப்பது, அல்ட்ராசவுண்ட் எல்லாம் அன்றைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். பிசியோதெரபி என்ற பெயரில் பத்து நாளும் மெஷினை மட்டும் வைத்து அனுப்பினால் ‘எனக்குப் பயிற்சி சொல்லிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள்.

டெண்டுல்கர் விஷயத்துக்கு வருவோம். 2004-ல் அவருக்கு இடது முழங்கையில் வலி வந்தது. 2005 மே மாதம் லண்டனில் ஆபரேஷன் நடந்தது. உண்மைதான். ஆனால் அதற்கு முன் மாதக்கணக்கில் ஆபரேஷன் இல்லாத சிகிச்சைகளைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே போனார். டென்னிஸ் எல்போ வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஆபரேஷன் இல்லாமலே ஒன்று ஒன்றரை வருடத்துக்குள் சரியாகிவிடுகிறார்கள். 2018-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் 26 பேரில் பாதிப் பேருக்கு உண்மையான ஆபரேஷன். மீதிப் பேருக்குத் தோலைக் கீறித் தசைநாணைத் திறந்து பார்த்ததோடு, எதையும் வெட்டி எடுக்காமல் தைத்துவிட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரு சாராரும் ஒரே அளவுக்குத் தேறினார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் கத்தி வைக்குமுன் யோசிக்க வைக்கும். ஆறு மாதத்துக்கு மேல் ஒழுங்காகப் பயிற்சி செய்தும், வேலையை மாற்றிப் பார்த்தும் கை தேறவில்லை என்றால் அப்போது ஆபரேஷனைப் பேசலாம். நீங்கள் செய்தது இரண்டு நாள்.

கைக்குச் சுமை கொடுக்கும் முறை

முதல் இரண்டு வாரம் அசையாப் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து முன்கையை மேசை மேல் வையுங்கள். மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே, உள்ளங்கை கீழே பார்க்க இருக்கட்டும். இடது கையால் வலப் புறங்கையைப் பிடித்து அழுத்திக்கொண்டு, வலது கையை மேலே தூக்க முயலுங்கள். ஆனால் அசைய விடாதீர்கள். முப்பது முதல் நாற்பத்தைந்து விநாடி. ஒரு நிமிடம் ஓய்வு. இப்படி ஐந்து முறை, காலையும் மாலையும். பலருக்கு இதிலேயே வலி கொஞ்சம் மட்டுப்படும்.

மூன்றாவது வாரத்திலிருந்து தண்ணீர் பாட்டில். அதே நிலையில், அரை லிட்டர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடது கை உதவியோடு மணிக்கட்டை மேலே தூக்குங்கள். இடது கையை எடுத்துவிட்டு, ஐந்து எண்ணும்வரை மெல்ல மெல்லக் கீழே இறக்குங்கள். அந்த இறக்கம்தான் மருந்து. பத்துப் பதினைந்து முறை, மூன்று சுற்று, தினம் ஒரு வேளை போதும். பாட்டிலில் பாதித் தண்ணீரோடு தொடங்கி வாரம் கொஞ்சம் ஊற்றிக் கூட்டுங்கள். அரை லிட்டர் எளிதாகிவிட்டால் ஒரு லிட்டர் பாட்டில். இடது கை உதவியையும் மெல்லக் குறையுங்கள். பிறகு ஒரு சுத்தியலின் பிடி நுனியைப் பிடித்து, முன்கையை இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருப்புவதைச் சேர்க்கலாம். தோள்பட்டைக்கும் சில பயிற்சிகள் உண்டு. பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார்.

வலியை எப்படி எடுத்துக்கொள்வது? பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது மூன்று, நான்கு வரை வலிக்கலாம். மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. மறுநாளும் கூடுதலாக வலித்தால் தண்ணீரைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். அன்று உங்களுக்கு வலித்தது கிழிசல் பெரிதானதால் அல்ல. எடுத்த எடுப்பில் சுமை அதிகமாகியிருக்கும். மகள் பார்த்த காணொளியில் எத்தனை கிலோ டம்பெல்லோ தெரியாது!

ஆறாவது வாரத்தில் பெரிய மாற்றம் தெரியாமல் போகலாம். அங்கேதான் பலர் மனம் விட்டு ஊசிக்குத் திரும்புகிறார்கள். பன்னிரண்டாவது வாரத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: பால் பாத்திரம் இறக்கும்போது பத்துக்கு எத்தனை வலி, எத்தனை ஜாக்கெட் வெட்டியதும் கை கேட்கவில்லை. மாதம் ஒருமுறை அதை மறுபடி எழுதுங்கள். நடுவில் ஓரிரு நாள் வலி எகிறும். அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

வலிக்கு டைக்ளோபினாக் ஜெல் சில வாரம் தடவலாம். வலி மாத்திரைகளை மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தொடர்ந்து போடாதீர்கள். சர்க்கரை உள்ளவருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே கவனிக்க வேண்டிய இடம்; சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு மருத்துவர் சொன்ன நாளுக்கு மட்டும்.

கடையில் மாற்ற வேண்டியவை

- கத்தரிக்கு அடிக்கடி சாணை பிடியுங்கள். மொக்கைக் கத்தரிக்கு எத்தனை மடங்கு அழுத்தம் தேவை என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். பிடி மெலிதாக இருந்தால் துணி சுற்றிப் பருமனாக்குங்கள். பல மடிப்புத் துணியை ஒரே வெட்டில் வெட்ட வேண்டாம்.
- காலை முழுக்க வெட்டு, மதியம் முழுக்கத் தையல் என்று வைக்காதீர்கள். அரைமணி வெட்டினால் எழுந்து வேறு வேலை. நன்றாகத் தெரிந்த பெண் ஒருவரிடம் மூன்று மாதத்துக்கு வெட்டு வேலையைக் கொடுத்து, தையலை நீங்கள் வைத்துக்கொள்ள முடியுமா? பி.ஆர்.பி.க்கு எடுத்து வைக்க நினைத்த பணத்தில் ஒரு பங்கு அதற்குப் போகட்டும்.
- எதைத் தூக்கினாலும் உள்ளங்கை மேலே பார்க்க, முழங்கையை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். இஸ்திரிப் பெட்டிக்கு இடது கை, அல்லது இரண்டு கையும்.
- துணி பிழிவதையும் தேங்காய் துருவுவதையும் வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். கடையை மூடச் சொல்லும் கணவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

முழங்கைப் பட்டை போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், மூட்டின் மேலேயே. அது தவறான இடம். வெளிமுண்டுக்கு இரண்டு விரற்கடை கீழே, முன்கைத் தசை புடைத்திருக்கும் இடத்தில் கட்ட வேண்டும். வேலை நேரத்தில் மட்டும்; விரல் மரக்கும் அளவுக்கு இறுக்கக் கூடாது. ஏற்கெனவே மரத்துப்போகும் கை என்பதால் நரம்பைச் சோதிக்கும்வரை தளர்வாகவே போடுங்கள், ராத்திரி கட்டாயம் கழற்றிவிடுங்கள்.

இதற்கெல்லாம் பெரிய மருத்துவமனை தேவையில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ பிசியோதெரபிப் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை. தினமும் போக வேண்டியதில்லை. முறையைக் கற்றுக்கொண்டு, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை காட்டிச் சுமையைக் கூட்டிக்கொண்டால் போதும். எம்.ஆர்.ஐ. அறிக்கை, இரண்டு ஊசிச் சீட்டுகள், சர்க்கரை அளவுகள் எழுதிய நோட்டு மூன்றையும் கொண்டுபோங்கள். முதல் நாளே விரல் மரப்பைச் சொல்லுங்கள்.

இந்த மூன்று மாதத்துக்குள் முழங்கை வீங்கிச் சிவந்து காய்ச்சல் வந்தாலோ, மூட்டு மடங்காமல் பூட்டிக்கொண்டாலோ, விரல்களை நீட்டி நிமிர்த்த முடியாமல் போனாலோ, மரப்பு பகலிலும் நிலைத்துக் கட்டைவிரல் சதை மெலிந்தாலோ, பயிற்சிக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.